நான்கு முடிசூடிகள்: எஸ்குலாப்பியுஸை மறுத்த சிற்பிகள் சூரியனை மட்டும் ஏன் செதுக்கினார்கள்?

மாலைவெயில்

போன மாதம் குடும்பத்தோடு ஃப்ளோரன்ஸ் போயிருந்தோம். ஊரின் நடுவே ஓர்சான்மிக்கேலே என்று ஒரு கட்டடம். தானியச் சந்தையாக இருந்து பின்னர் தேவாலயமானது. வெளிச்சுவரைச் சுற்றிலும் மாடங்கள். ஒவ்வொரு கைவினைச் சங்கமும் தன் பாதுகாவலரான புனிதருக்கு ஒரு மாடம் எடுத்துச் சிலை வைத்திருக்கிறது. பெரும்பாலான மாடங்களில் ஒற்றைச் சிலை. ஒரே ஒரு மாடத்தில் மட்டும் நான்கு பேர், ரோமானியர்களைப் போல மேலாடை போர்த்திக்கொண்டு, ஏதோ முக்கியமான முடிவு எடுக்கப்போகிறவர்களைப் போல அரைவட்டமாக நிற்கிறார்கள். கல் வேலைக்காரர்களும் மர வேலைக்காரர்களும் சேர்ந்த சங்கத்தின் மாடம் அது. 1410களில் நன்னி தி பாங்கோ செதுக்கியது. இப்போது மாடத்தில் இருப்பது படி. மூலச் சிலை உள்ளே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வழிகாட்டி ஒரே வரியில் முடித்துவிட்டார்: "நான்கு முடிசூடிய வேதசாட்சிகள். சிற்பிகள். பொய்த்தெய்வத்தின் சிலையைச் செதுக்க மறுத்ததால் கொல்லப்பட்டார்கள்." ஊர் திரும்பிய பின் அவர்களுடைய வரலாற்றைத் தேடிப் படித்தேன். இருந்த தெளிவும் போய்விட்டது. கதையில் சிற்பிகள் ஐந்து பேர். நான்கு பேர் என்று வருகிறவர்கள் சிற்பிகளே அல்லர், படைவீரர்கள். அதைவிடப் பெரிய இடறல் வேறு. மருத்துவக் கடவுளான எஸ்குலாப்பியுஸின் சிலையை மறுத்து உயிரைவிட்ட இதே ஐவர், அதற்கு முன்பு சூரிய தேவனின் சிலையைத் தேரோடும் குதிரைகளோடும் செதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்! மருத்துவக் கடவுள் ஆகாது, சூரியன் ஆகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழிப்போக்கன்

சூரியன் கூலியை ஒழுங்காகக் கொடுத்திருப்பார்.

ஏடுபுரட்டி

வழிப்போக்கன் ஐயாவின் ஆய்வுக்கு வணக்கம். நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டியிருக்கிறது.

கதை நடப்பது ரோமப் பேரரசின் பன்னோனியா பகுதியில், பேரரசன் தியோக்ளேசியன் காலத்தில். சிர்மியம் நகரத்துப் பக்கம். இன்று செர்பியாவில் ஸ்ரெம்ஸ்கா மித்ரோவிட்சா என்று பெயர். அரசனின் கல் வேலைத்தளத்தில் கிளவுதியுஸ், கஸ்தோரியுஸ், சிம்ப்ரோனியானுஸ், நிகோஸ்திராத்துஸ் என்று நான்கு சிற்பிகள். மறைவில் கிறிஸ்தவர்கள். வேலையில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஐந்தாவது ஆளான சிம்ப்ளிசியுஸ் பிறகு வந்து சேர்கிறார். அந்தியோக்கியாவின் ஆயர் சிரில் அங்கே விலங்கிடப்பட்டுக் கிடக்கிறார். அவரிடம் சிம்ப்ளிசியுஸ் திருமுழுக்குப் பெறுகிறார்.

அரசன் ஒருநாள் வேலைப்பட்டியல் கொடுக்கிறான். வெற்றித் தேவதைகள், மன்மதக் குழந்தைகள், சங்கு வடிவத் தொட்டிகள், முக்கியமாக எஸ்குலாப்பியுஸ். இவர்கள் எல்லாவற்றையும் முடித்துக் கொடுக்கிறார்கள், எஸ்குலாப்பியுஸைத் தவிர. கவனியுங்கள், அரசன் உடனே சினப்பதில்லை. கைவேலையைப் பார்த்து மெச்சுகிறான். வேறு சிற்பிகளை வைத்து அந்தச் சிலையைச் செய்தும் முடித்துவிடுகிறான். கண்ணில் எரிச்சலோடு நிற்பவர்கள் 'தத்துவ ஞானிகள்' என்று கதை அழைக்கும் கண்காணிப்பாளர்கள். அவர்கள்தான் போட்டுக்கொடுக்கிறார்கள். லம்பாதியுஸ் என்ற அதிகாரி விசாரிக்கிறான், சவுக்கால் அடிக்கச் சொல்கிறான், இருக்கையிலேயே செத்துவிழுகிறான். அவன் உறவுக்காரர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் அரசன் சீறுகிறான். ஐவரையும் உயிரோடு ஈயப் பெட்டிகளில் அடைத்து ஆற்றில் எறியச் சொல்கிறான். 42 நாள் கழித்து நிக்கொதேமுஸ் என்ற கிறிஸ்தவர் பெட்டிகளை எடுத்துத் தன் வீட்டில் வைக்கிறார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை. அரசன் ரோமுக்கு வருகிறான். திராயானுஸ் குளியலகத்தில் எஸ்குலாப்பியுஸுக்கு ஒரு கோயில் எழுப்பி, வீரர்கள் எல்லாரும் அங்கே தூபம் காட்டவேண்டும் என்கிறான். நான்கு வீரர்கள் மறுக்கிறார்கள். ஈயக்குண்டு கட்டிய சவுக்கால் அடித்தே கொல்கிறார்கள். லபிகானா சாலையில் அடக்கம் நடக்கிறது. அவர்கள் பெயர் தெரியாததால், முந்தைய சிற்பிகளின் பெயர்களாலேயே அவர்களையும் நினைவுகூரச் சொல்லித் திருத்தந்தை மில்தியாதெஸ் ஆணையிட்டார் என்று கதை முடிகிறது. திருநாள் நவம்பர் 8. பிற்காலத்தில் அந்த வீரர்களுக்கு செவெருஸ், செவெரியானுஸ், கார்ப்போஃபோருஸ், விக்டோரினுஸ் என்று பெயர்களும் கிடைத்துவிட்டன. அவை அல்பானோ ஊரின் வேறு வேதசாட்சிகளின் பெயர்கள். அங்கே அவர்களுக்கு ஆகஸ்டு 8 திருநாள். இரவல் வாங்கிய பெயர்கள் என்று சொல்லலாம்.

புனிதர் வரலாறுகளை ஆராயும் 'பொலாந்தியர்' என்ற இயேசு சபைக் குழுவைச் சேர்ந்த இப்போலித் தெலஹே இந்த மரபையே புனிதர் வரலாற்றுத் துறைக்கு ஒரு தலைக்குனிவு என்று எழுதிய அளவுக்குச் சிக்கல். அவர் எழுதியதில் மிகை இல்லை.

கடல்காற்று

அப்படியானால் உண்மையில் நடந்தது எது? வரலாற்றில் காலூன்றி நிற்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா, இல்லை முழுவதும் ஒட்டுப்போட்ட கதைதானா?

ஏடுபுரட்டி

இருக்கிறது. 354ஆம் ஆண்டு ரோம நாட்காட்டி ஒன்றில் வேதசாட்சிகளின் அடக்க நாள் பட்டியல் வருகிறது. அதில் நவம்பரில் கிளமெந்துஸ், செம்ப்ரோனியானுஸ், கிளவுதியுஸ், நிகோஸ்திராத்துஸ். நான்கு பெயர்கள், எண்ணிக்கொள்ளுங்கள். இவற்றில் மூன்று நம் சிற்பிகளுடையவை. ஆகவே 4ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ரோமில் ஒரு நால்வரை வணங்கியிருக்கிறார்கள். அவர்கள் பன்னோனியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிற்பிகளா, ரோமிலேயே இறந்தவர்களா என்பதில்தான் சண்டை. சிற்பிகளின் கதையைக் கேட்டவர்கள் ரோமில் ஏன் கல்லறை என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் வீரர்களின் கதை பின்னால் முளைத்தது என்பது என் கணிப்பு.

'முடிசூடிய' என்பதற்கும் ஒரு வார்த்தை. இங்கே அரசமுடி இல்லை. வேதசாட்சிக்குக் கிடைக்கும் வெற்றி முடி. நம் மொழியில் 'வாகை சூடிய நால்வர்' என்றால் இன்னும் பொருந்தும்.

உளிச்சத்தம்

நான் புத்தகப் படிப்பு இல்லாதவன். மூன்று தலைமுறையாகக் கல் வேலை. ஏடுபுரட்டி ஐயா ஒரு இடத்தைச் சட்டென்று தாண்டிவிட்டார். சிம்ப்ளிசியுஸ் எப்படி வந்து சேர்ந்தார் என்பதுதான் எனக்கு வேண்டும். முன்பொரு முறை யாரோ சொல்லக் கேட்டேன், அவருடைய உளி ஒடிந்துகொண்டே இருக்குமாமே?

ஏடுபுரட்டி

ஆமாம், அதை விட்டது என் பிழை. சிம்ப்ளிசியுஸின் கருவி நாள்தோறும் முனை முறிகிறது. மற்ற நால்வருடைய கருவி முறிவதில்லை. அவருக்குப் புரியவில்லை. அப்போது அவர் பிற சமயத்தவர். சூரியன்மேல் ஆணையிட்டுத்தான் கேட்கிறார், உங்கள் இரும்பு மட்டும் ஏன் ஒடிவதில்லை என்று. நால்வரில் ஒருவர் அவருடைய உளியைக் கையில் வாங்கி, இயேசுவின் பெயரால் இந்த இரும்பு உறுதிப்படட்டும் என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார். அதன்பிறகு ஒடியவில்லை.

உளிச்சத்தம்

இதை எழுதியவன் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தவன். இல்லையென்றால் இந்தக் கதை அவனுக்குத் தோன்றியே இருக்காது.

எங்கள் பட்டறையில் காலை வேலை கல்லில் தொடங்காது, உலையில் தொடங்கும். கருங்கல்லுக்கு ஓர் ஆள் ஒரு நாளைக்கு ஒரு கட்டு உளி தின்பான். மழுங்கிய உளிகளைச் சிவக்கக் காய்ச்சி, முனையைத் தட்டிக் கூராக்கி, முனையை மட்டும் தண்ணீரில் காட்டி எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்க்கவேண்டும். உள்ளே இருக்கும் சூடு முனையை நோக்கி வரும்போது வைக்கோல் நிறம் ஓடும். அந்த நொடியில் மறுபடி தோய்த்தால் உளி நிற்கும். அவசரப்பட்டு முன்னாலேயே தோய்த்தால் இரும்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும், முதல் அடியிலேயே முனை சிதறும். தாமதித்தால் நீலம் ஏறும், முனை இளகிக் கல்லில் வழுக்கும். என் பெரியப்பா இந்த நிறத்தைப் பார்ப்பதற்காகவே உலைப் பக்கத்து ஜன்னலைச் சாக்குப் போட்டு மறைத்து வைத்திருப்பார். வெயில் விழுந்தால் நிறம் தெரியாது.

சிம்ப்ளிசியுஸுக்குத் தோய்ச்சல் கை வரவில்லை, அவ்வளவுதான். மற்ற நால்வர் உளியை வாங்கிச் செபம் சொன்னார்களோ, உலைக்குப் போனார்களோ, அது அவர்களுக்கும் கடவுளுக்கும் தெரியும். ஆனால் ஒன்று. எங்கள் தொழிலில் ஒருவன் இன்னொருவனுடைய உளியை வாங்கிச் சரிசெய்து கொடுத்தான் என்றால், அதற்குமேல் நெருக்கம் கிடையாது. அதனால்தான் அவன் அவர்கள் பக்கம் போயிருப்பான்.

மாலைவெயில்

உளிச்சத்தம் அண்ணா, இந்தப் பதிலுக்காகவே இழை தொடங்கியது தகும்.

ஏடுபுரட்டி

அண்ணன் சொன்னதற்கு ஒரு துணைச் செய்தி. கதையில் வரும் கல் போர்ஃபிரி, அரசர்களுக்கே உரிய கருஞ்சிவப்புக் கல். எகிப்தின் கிழக்குப் பாலைவனத்து மலைதான் அதன் சுரங்கம்; பன்னோனியாவில் அது கிடையாது. கதை எழுதியவர் இரண்டு இடங்களைக் குழப்பிவிட்டாரா என்பது பழைய விவாதம். தியோக்ளேசியனும் அவன் கூட்டாளிகளும் ஒருவரையொருவர் தழுவி நிற்கும் சிலை இதே கல்தான். இப்போது வெனிஸில் புனித மாற்கு ஆலயத்தின் மூலையில் இருக்கிறது. கருங்கல்லைவிட வீம்பான கல். ரோமப் பேரரசு சாய்ந்தபின் அதைச் செதுக்கும் வித்தையே ஏறக்குறைய மறைந்துபோயிற்று. 1555இல் ஃப்ளோரன்ஸில் பிரான்செஸ்கோ தெல் தத்தா என்ற சிற்பி அதை மீட்டார். கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி தரும் காரணம் என்ன தெரியுமா? ஃப்ளோரன்ஸை ஆண்ட பிரபு கோசிமோ ஏதோ மூலிகைகளிலிருந்து ஒரு நீர் வடித்துக் கொடுத்தாராம். உளியைக் காய்ச்சி அதில் தோய்த்தால் போர்ஃபிரிக்குத் தாங்குமாம்!

உளிச்சத்தம்

மூலிகைத் தண்ணீரில் இல்லை சூட்சுமம். பிரபு கொடுத்ததென்று சொன்னால் கூலி கூடும். அந்தச் சிற்பி கெட்டிக்காரர்.

செங்கதிர்

இத்தனை பேசுகிறோம், ஒருவரும் நேரான பெயரைச் சொல்லவில்லை. இது வேலை மறுப்பு. அரசாங்க வேலைத்தளத்தில் தொழிலாளிகள் ஐந்து பேர் ஒரு வேலையைச் செய்யமாட்டோம் என்றார்கள், உயிரைக் கொடுத்தார்கள். பின்னால் வந்த தொழிற்சங்கங்கள் அவர்களைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டதில் என்ன வியப்பு? சமயத்தை விலக்கிவிட்டுப் பாருங்கள்.

மாலைவெயில்

தோழர், சமயத்தை விலக்கினால் கதையில் ஆற்றில் எறிந்த ஐந்து பெட்டிதான் மிஞ்சும். அவர்கள் வேலையை நிறுத்தவில்லை. கூலியைப் பற்றியோ நேரத்தைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. பட்டியலில் இருந்த மற்ற எல்லாவற்றையும் செய்துமுடித்தார்கள். ஒன்றை மட்டும் செய்யவில்லை. எனக்கு உறுத்துவதே அதுதான். என் முதல் கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை. சூரியன் ஏன்?

ஏடுபுரட்டி

வருகிறேன். இரண்டு விடைகள்.

முதலாவது, கிறிஸ்தவச் சிற்பிகளுக்கு இது அன்றாடச் சிக்கல். 3ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கார்த்தேஜைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியானுஸ் இதைப்பற்றியே எழுதினார். வயிற்றுக்கு வேறு வழியில்லை என்று சொல்லும் சிலைத் தொழிலாளியை அவர் விடுவதாக இல்லை. 'லிண்டன்' என்ற மரத்தில் செவ்வாய்க் கடவுளைச் செதுக்கத் தெரிந்தவனுக்கு ஒரு பெட்டி செய்ய எவ்வளவு நேரம் ஆகும், கூரை வேயவும் சுவர் பூசவும் தெரியாதா என்று கேட்கிறார். அவருடைய கணக்கில் சூரியனும் கூடாது, மன்மதக் குழந்தையும் கூடாது. நம் ஐவர் அவ்வளவு கறாரானவர்கள் அல்லர். தேர், குதிரை, குழந்தை, சங்கு எல்லாம் அரண்மனை அலங்காரம். எஸ்குலாப்பியுஸ் கோயிலில் நின்று தூபம் வாங்கப்போகும் உரு. எது அலங்காரம், எது வழிபாடு என்று ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றார்கள்.

இரண்டாவது, கதையாசிரியரின் தேவை. ரோமில் வீரர்கள் எஸ்குலாப்பியுஸுக்குத் தூபம் மறுத்துச் சாகவேண்டும். அதற்கு இணையாகச் சிற்பிகளும் அதே எஸ்குலாப்பியுஸை மறுத்தால்தான் இரண்டு கதைகளும் ஒரு நூலில் கோத்ததுபோல் நிற்கும்.

எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. முதலாவது அழகாக இருக்கிறது என்பதாலேயே சந்தேகப்படுகிறேன்.

உளிச்சத்தம்

எனக்கு முதலாவதுதான். கோடு எங்கே என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. எங்களிடம் தோட்டத்துக்கு வைக்க நந்தி கேட்பார்கள், செய்வோம். ஓட்டல் வாசலுக்குப் பிள்ளையார் கேட்பார்கள், செய்வோம். கோயிலுக்கு மூலவர் என்றால் கல் தேர்வதிலிருந்து கண் திறப்பது வரை வேறு முறை. அன்றைக்கு எங்கள் வீட்டுச் சமையலே வேறு. பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே பிள்ளையார்தான். செய்கிறவனுக்கு அப்படி இல்லை.

கடல்காற்று

இன்னொன்று கவனித்தேன். பல தொழில்களுக்குப் பாதுகாவலர் வாய்த்தது செய்த தொழிலால் அன்று, பட்ட வதையால். புனித பார்த்தலோமேயுவின் தோலை உரித்தார்கள், தோல் பதனிடுபவர்களுக்குப் பாதுகாவலர். லாரன்சை இரும்புச் சட்டத்தில் வாட்டினார்கள், சமையற்காரர்களுக்குப் பாதுகாவலர். அப்பொல்லோனியாவின் பற்களை உடைத்தார்கள், பல் மருத்துவர்களுக்கு. கத்தரீனாவைச் சக்கரத்தில் வதைக்கப் பார்த்தார்கள், ஆகவே சக்கரம் செய்பவர்களுக்கு. முதன்முதலில் இதை யோசித்தவருக்கு நகைச்சுவை உணர்வு கூடுதல். இவர்களுக்கு மட்டும்தான் செய்த வேலையே பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

ஏடுபுரட்டி

'மட்டும்தான்' வேண்டாம். சுவாசோன் நகரத்து கிரிஸ்பினும் கிரிஸ்பினியானும் பகலில் மறை போதித்து இரவில் செருப்புத் தைத்துப் பிழைத்ததாகக் கதை. செருப்புத் தைப்பவர்களின் பாதுகாவலர்கள், அக்டோபர் 25. ஆனால் அந்தக் கதையில் செருப்பைப் பற்றி ஒன்றுமே இல்லை. ஊசி எப்படிப் பிடித்தார்கள், என்ன தோல், எதுவும் இல்லை. இங்கே கல் பேசுகிறது.

வழிப்போக்கன்

ஃப்ளோரன்ஸ் சிலையைப் பற்றி ஒரு கதை எனக்கும் தெரியும். நன்னி நான்கு சிலைகளையும் செய்து முடித்துவிட்டு மாடத்தில் ஏற்றப் பார்த்தாராம். இடம் போதவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு இன்னொரு சிற்பியான தோனத்தெல்லோவிடம் ஓடினாராம். "எனக்கும் என் பையன்களுக்கும் ஒரு வேளை விருந்து போடு, சரிசெய்கிறேன்" என்றாராம் அவர். ஒருவர் தோளைக் கொஞ்சம் சீவி, இன்னொருவர் கையை அணைத்து, நால்வரையும் நெருக்கி உள்ளே தள்ளிவிட்டாராம். வசாரி எழுதியது.

உளிச்சத்தம்

படத்தை உருப்பெருக்கிப் பார்த்தேன். வலப்பக்கம் நிற்கும் இருவரின் ஆடை மடிப்பும் ஒன்றோடொன்று கலந்து ஓடுகிறது. அவை இரண்டு கல்லா, ஒரே கல்லா?

ஏடுபுரட்டி

ஒரே கல். அந்த இருவரும் ஒரே பாளத்தில் செதுக்கப்பட்டவர்கள்.

உளிச்சத்தம்

அப்படியானால் விருந்துக் கதை பொய். ஒரே கல்லில் இருவரை எடுக்கிறவன் முதல் கோடு போடும்போதே மாடத்தை அளந்திருப்பான். சும்மா விட்டுவிட்டுப் பிறகு தோளைச் சீவுகிற ஆள் இல்லை அவன். அந்த நன்னி யார் மகன்?

ஏடுபுரட்டி

அந்தோனியோ தி பாங்கோ என்ற கல்தச்சரின் மகன். தந்தை நகரத்துப் பேராலயத்தில் வேலை பார்த்தவர். மகன் 1405இல் இதே சங்கத்தில் உறுப்பினரானார். தன் சங்கத்துக்கே, தன் பாதுகாவலர்களையே செதுக்கினார். 1421இல் இறந்துவிட்டார்.

கடல்காற்று

இன்று ரோமில் இவர்களுக்கு ஆலயம் உண்டா? அடுத்த ஆண்டு போகலாம் என்று நினைக்கிறோம்.

ஏடுபுரட்டி

உண்டு. கொலோசியத்திலிருந்து நடந்தே போகலாம், செலியோ குன்றில். பார்த்தால் கோட்டை மாதிரி இருக்கும். 9ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை நான்காம் லியோ பெரிதாகக் கட்டி எலும்புகளைக் கீழறைக்குக் கொண்டுவந்தார். 1084இல் நார்மானியர் எரித்தார்கள். பிறகு இரண்டாம் பஸ்காலிஸ் சிறிதாக்கிக் கட்டினார். அதனால் இரண்டு முற்றங்களைக் கடந்து உள்ளே போகவேண்டும். இரண்டாவது முற்றமே முன்பு ஆலயத்தின் உட்பகுதி. பழைய தூண்கள் சுவருக்குள் புதைந்து தெரியும். உள்ளே போனால் பீடத்துக்குப் பின்னிருக்கும் அரைவட்டச் சுவர் ஆலயத்துக்குப் பொருந்தாமல் மிகப் பெரிதாக இருக்கும். பெரியப்பாவின் சட்டையைச் சின்னப் பையன் போட்டுக்கொண்ட மாதிரி.

முன்முற்றத்தில் புனித சில்வெஸ்தர் சிற்றாலயத்தை விட்டுவிடாதீர்கள். 1246இல் தீட்டிய சுவரோவியங்கள். 16ஆம் நூற்றாண்டிலிருந்து ரோமின் பளிங்குச் சிற்பிகளின் சங்கத்துக்குரிய இடம் அது. அங்கிருக்கும் துறவற மடத்தின் மணியை அடித்துக் கேட்கவேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1969 நாட்காட்டித் திருத்தத்தில் இந்தத் திருநாளைப் பொது நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கல் வேலைக்காரர்கள் அதற்காக யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலோ எழுதப்பட்ட கட்டடத் தொழிலாளர் பாட்டு ஒன்றிலேயே இந்த நால்வர் வருகிறார்கள். அந்தப் பிடியில்தான் லண்டனில் ஃப்ரீமேசன்கள் (கல்தச்சர் சங்க மரபைத் தழுவிய ஒரு சகோதரச் சங்கத்தார்) 1884இல் உரிமம் பெற்ற ஒரு சபைக்கு இவர்கள் பெயரையே வைத்தார்கள்.

செங்கதிர்

சங்கம்தானே! நான் சொன்னதுதான்.

மாலைவெயில்

தோழர் விடமாட்டார்.

உளிச்சத்தம் அண்ணா, உங்களுக்காக ஒன்று. அந்த மாடத்தின் அடியில் ஒரு நீளமான புடைப்புச் சிற்பம் இருக்கிறது. நால்வரும் வேலையுடையில், தொழிலில் இருக்கிறார்கள். இடப்பக்கம் ஒருவர் சுவர் எழுப்புகிறார். அடுத்தவர் துளைக்கருவியோடு நிற்கிறார். மூன்றாமவர் தூண் தலையைக் கவராயத்தால் அளக்கிறார். கடைசியில் இருப்பவர் ஓர் ஆடையில்லாத குழந்தையின் சிலையைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். மேலே நிற்பவர்களிடம் இருக்கும் இறுக்கம் இவர்களிடம் இல்லை. நான் மேலே நின்றவர்களைவிட இவர்களைத்தான் அதிக நேரம் பார்த்தேன்.

உளிச்சத்தம்

குழந்தைக்குச் சிறகு இருக்கிறதா பாருங்கள் தங்கச்சி. இருந்தால் அது மன்மதன். ஏடுபுரட்டி ஐயா சொன்ன பட்டியலில் இவர்கள் மறுக்காமல் செய்த வேலை அது.

மாலைவெயில்

எடுத்த பதினோரு படங்களையும் பார்த்துவிட்டேன். ஏழு படங்களில் என் மகனின் தலை மறைக்கிறது. மற்றவை கீழிருந்து எடுத்தவை. சிறகு தெரியவில்லை. முதுகுப் பக்கம் நிழல்.